மச்சான் கேட்டார், கொடுத்தேன்

ஒக்கூர்
12.6.2024

அன்புத் தம்பி மாயக்கண்ணனுக்கு அக்கா பாண்டீஸ்வரி எழுதுவது. நானும் கீர்த்தியும் சௌக்கியம். நீயும் உன் மச்சானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா? இரண்டு வரியாவது எழுது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் நீ பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? "ம்", "சரிக்கா", "வச்சிரவா". பக்கத்தில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்? செல்போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைக்கிற கம்பெனியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நீ இருக்கிற நாட்டுப் பேரும் என் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. யாராவது கேட்டால் "ஆப்பிரிக்காவுல, தங்கச் சுரங்கத்துல காவல் வேலை" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அதுதான் பேனாவை எடுத்துவிட்டேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். விடுமுறைக்கு வரச் சொல்லித் தோழிக்கு.

கீர்த்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. "அப்பா பேரு சொல்லுங்க" என்றார் டீச்சர். நான் கீர்த்தியை இடித்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி "முத்துக்கண்ணன்" என்று கத்தினாள். டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, இந்தக் காலத்துலயும் புருசன் பேரைச் சொல்ல மாட்டீகளா?" என்றார். என்ன செய்ய, அம்மா அப்படி வளர்த்துவிட்டாள். ரேஷன் கடை, பேங்க், எங்கே போனாலும் கீர்த்திதான் எனக்கு வாய்.

அவள் காது இன்னும் மூளியாகத்தான் கிடக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியுமா? மாசிக் களரித் திருவிழாவுக்கு அவுக குலசாமி கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இப்போதே லீவு சொல்லி வை.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்து, வேலையும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனவர் உன் மச்சான். அவர் ஒன்று கேட்டு நீ இல்லை என்று சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்
அக்கா


முகாம்
9.7.2024

அக்காவுக்கு மாயக்கண்ணன் வணக்கம். நானும் மச்சானும் நலம். உன் சுகமும் கீர்த்தியின் சேட்டையும் தெரிந்து சந்தோஷம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கடிதமெல்லாம் கம்பெனித் தபால் பையில் சென்னை ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்துதான் உனக்கு வரும். வருகிற கடிதம் போகிற கடிதம் எல்லாவற்றையும் ஆபீசில் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் என்னைத் திட்டுவதானால் கொஞ்சம் நாசூக்காகத் திட்டு.

இங்கேயும் ஒக்கூர் மாதிரியே செம்மண். மச்சான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர் என்பதால் வடக்கு வாசல் முழுக்க அவர் பொறுப்பு. எல்லாரும் "கமாண்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அவர் ஷிப்டிலேயே இருக்கிறேன்.

ஆளுக்கொரு துப்பாக்கி. அதன் எண் நம் பேரில் பதிவாகியிருக்கும். பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: இது பல் துலக்குகிற பிரஷ் மாதிரி, யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அது வெடித்தாலும் தொலைந்தாலும் நம் தலைதான் உருளும்.

எங்கள் மாதிரிக் கம்பெனிகளைக் கண்காணிக்க ஐரோப்பாவில் ஒரு சங்கம் இருக்கிறதாம். அவர்கள் சான்று கொடுத்தால்தான் சுரங்கக்காரர்கள் காவல் வேலை தருவார்களாம். அவர்கள் போஸ்டரைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். காவலர்கள் தப்பு செய்தால் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம் என்று கீழே போன் நம்பர் போட்டிருக்கிறது. எங்களிடம் போன்தான் இல்லை.

வாசலுக்கு வெளியே ஆவா என்று ஒரு பெண் அவித்த கடலை விற்கிறாள். நம்மூர்க் கடலை மாதிரியே ருசி. அவளுக்குத் தமிழில் "கடலை", "போதும்" இரண்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "போதும்" என்று சொன்னால் இன்னும் ஒரு கை அள்ளிப் போடுகிறாள். இங்கத்துப் பெண்கள் சாயங்காலம் சுரங்கக் கழிவுக்கல் மேட்டில், தங்கத் துணுக்கு ஏதும் கிடைக்காதா என்று கல் பொறுக்க வருவார்கள். கடலை விற்றதும் அவளும் அங்கே போய்விடுவாள்.

மாசிக்குக் கட்டாயம் வருகிறேன். மடியைத் தயாராக வைத்திருக்கிறேன் என்று கீர்த்தியிடம் சொல்.

அன்புடன்
மாயக்கண்ணன்


ஒக்கூர்
20.8.2024

தம்பி மாயக்கண்ணனுக்கு, இங்கே சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

கடலைக்காரியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்காரரைப் பற்றி மூன்றே வரி. இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆபீசில் பிரித்துப் பார்க்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும், என் தம்பிக்கு இங்குட்டுத்தான் பெண் பார்க்கிறேன்.

கானாடுகாத்தானில் செட்டியார் வீட்டு ஹோட்டல் வேலை எப்போதும் போல. வெள்ளைக்காரர்கள் வந்து தூணைத் தூணாகப் படம் எடுக்கிறார்கள், துடைக்கிற எங்களை ஒதுங்கச் சொல்கிறார்கள். முதலாளி மீனலோசனி ஆச்சி என்னை ரூம் வேலைக்கெல்லாம் மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கடலைக்காரப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

பதில் எதிர்பார்க்கும்
அக்கா


முகாம்
29.9.2024

அக்காவுக்கு வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே நல்ல மழை. செம்மண் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. என்னை ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அறையில்தான் இருக்கிறேன். மச்சான் நலம்.

ஆவாவுக்கு அம்மா மட்டும் இருக்கிறார்.

கடலை இப்போது வருவதில்லை.

மாயக்கண்ணன்


ஒக்கூர்
15.10.2024

தம்பி மாயக்கண்ணனுக்கு அக்கா எழுதுவது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தெரியாமல் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

நேற்று உன் மச்சான் போன் செய்தார். "உன் தம்பி அவசரப்பட்டுட்டான். கல்லு பொறுக்க வந்த கூட்டத்தைப் பாத்துப் பயந்து சுட்டுட்டான். ஒரு பொண்ணு செத்துருச்சு" என்றார். கோழி அறுக்கிறதைப் பார்த்தாலே அங்குட்டுத் திரும்பிக்கொள்கிறவன் நீ. செத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்தக் கண்காணிப்புச் சங்கம் கம்பெனியிடம் விளக்கம் கேட்கிறதாம். நீ வேண்டுமென்று செய்யவில்லை, கை தவறி வெடித்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், விசாரணையை முடித்து உன்னைச் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். நீ போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாயாம். "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறான், நீ எழுது" என்கிறார்.

ஏன்டா இப்படி முரண்டு பிடிக்கிறாய்? உன்னைக் காப்பாற்ற அவர் அங்கே மல்லுக்கட்டுகிறார். உன் மச்சான் உனக்குக் கெடுதல் நினைப்பாரா? என் மேல் பிரியம் இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து சேர். உன்னை விட்டால் எனக்கு ஒரு கூடப்பிறந்தவன் கிடையாது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா


முகாம்
6.11.2024

அக்காவுக்கு,

நலம்.

போட்டுவிட்டேன். நீ எழுதியதால் போட்டேன்.

கீர்த்தியைக் கேட்டதாகச் சொல்.

மாயக்கண்ணன்


ஒக்கூர்
20.1.2025

தம்பிக்கு, நீ நலமா என்று கேட்டு இத்தோடு மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

கையெழுத்துப் போட்டால் வந்துவிடுவாய் என்றார்கள். தீபாவளித் துணி அப்படியே பெட்டியில் இருக்கிறது. பொங்கலுக்கு உன் மச்சான் மட்டும்தான் வந்து இறங்கினார். அவரை வேறொரு நாட்டுச் சுரங்கத்துக்கு, இதைவிடப் பெரிய பொறுப்பில் போடப் போகிறார்களாம். உன்னைக் கேட்டால், "வேற சைட்டுல இருக்கான், நல்லாத்தேன் இருக்கான்" என்கிறார். எந்தச் சைட்டு என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அவருக்கு அவித்த கடலை என்றால் உயிர், உனக்குத் தெரியும். பொங்கல் மறுநாள் ஒரு சட்டி அவித்து முன்னால் வைத்தேன். சட்டியோடு தூக்கி வாசலில் எறிந்தார். கீர்த்தி பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடலையைப் பொறுக்கும்போது உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா


சிறை
2.2.2025

அக்காவுக்கு, உயிரோடு இருக்கிறேன்.

இதைக் கொண்டுவருகிறவர் நாச்சியாபுரம் வேல்பாண்டி. முகாமில் சமையல் வேலை. லீவில் வருகிறார். இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதனால் முதன்முறையாக உனக்கு உண்மையை எழுதுகிறேன். நவம்பருக்குப் பிறகு நீ எழுதினாயோ இல்லையோ, எனக்கு எதுவும் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் சுரங்க முதலாளிகள் பார்வையிட வந்தார்கள். கழிவுக்கல் மேட்டில் ஆள் தெரியக்கூடாது என்று உத்தரவு. பெண்கள் நகரவில்லை. மச்சான் தன் துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு இறங்கியிருந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "மாப்ள, உன்னதைக் குடு. மேல ரெண்டு சுட்டா ஓடிருவாளுக" என்றார். மச்சான் கேட்டார், கொடுத்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

முதல் குண்டு மேலே போனது. இரண்டாவது போகவில்லை. ஆவா தட்டோடு விழுந்தாள். மச்சான் துப்பாக்கியை என் கையில் திணித்து "பிடி" என்றார். அது இன்னும் சூடாக இருந்தது. எல்லாரும் ஓடிவந்து பார்த்தபோது அது என் கையில்தான் இருந்தது.

கேமரா அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றார்கள். மச்சான் கீழே பார்த்துக்கொண்டு, "அவன்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போட்டேன். மறுநாளே வேலையிலிருந்து நீக்கி, கம்பெனி வண்டியிலேயே கொண்டுவந்து போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். குற்றவாளியைத் தண்டித்தாயிற்று என்று சங்கத்துக்கு எழுதி, சான்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கம்பெனி பதிவான நாடு ஒன்று, என்னை எடுத்த ஏஜென்சி இன்னொரு நாட்டில், சம்பவம் நடந்தது இங்கே. யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கை காட்டுகிறார்கள்.

ஆவாவின் அம்மா ஒருநாள் வந்தார். கம்பிக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் இல்லை என்று அவர் பாஷையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மச்சான் கேட்டதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. நீ கேட்டதற்கும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தெரிந்தேதான் எழுதினாயா அக்கா?

மாயக்கண்ணன்


ஒக்கூர்
2.3.2025

என் தம்பிக்கு. நலம் என்று எழுதக் கை வரவில்லை.

தெரியாது. சாமி சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரியாமல் செய்தேன் என்பதால் நீ அங்கே படுகிறது குறையப் போவதில்லை, அதுவும் எனக்குத் தெரிகிறது. உன் கழுத்தில் கத்தியை வைக்க அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. என் கையை வாங்கிக்கொண்டார்.

வேல்பாண்டி வந்துபோன அன்றைக்கே உன் மச்சானைக் கேட்டேன். சோற்றில் கை வைத்திருந்தார். "தம்பிகிட்ட துப்பாக்கிய வாங்குனீகளா, இல்லையா?" என்றேன். வேல்பாண்டியைத் திட்டினார், உன்னைத் திட்டினார். நான் நகரவில்லை. அப்புறம் சொன்னார். "ஆமா, நாந்தேன் சுட்டேன். இப்ப என்னங்குற? நான் உள்ள போனா நீயும் புள்ளையும் தெருவுல நிப்பீக. அவன் ஒண்டிக்கட்டை, கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்." சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். தம்பி, நான் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

களரிக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, காதுகுத்துக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆசாரி தோட்டோடு உட்கார்ந்திருந்தார். "மாமன் வராட்டி என்ன, என் சித்தப்பா மச்சினன் மடியில உக்காரட்டும்" என்றார். கீர்த்தியை அந்த ஆள் மடியில் வைத்துவிட்டார்கள். நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். "இவளுக்கு மாமன் உசுரோட இருக்கான். எங்க இருக்கான்னு இவுகளைக் கேளுங்க" என்று சொன்னேன். அத்தனை பங்காளிகளும் அவர் பக்கம் திரும்பினார்கள். நான் பிள்ளையோடு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது நாங்கள் கானாடுகாத்தானில், ஹோட்டல் பின்கட்டில் இருக்கிறோம். அந்தச் சங்கத்துக்குப் புகார் எழுதுகிறோம். நான் சொல்லச் சொல்ல மீனலோசனி ஆச்சி இங்கிலீஷில் எழுதுகிறார்கள். சுட்டவர் யார் என்ற இடம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. "கீர்த்தி அப்பா" என்றேன். ஆச்சி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இதை வேல்பாண்டி கையில் கொடுத்து அனுப்புகிறேன். என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். நீ வந்து நேரில் திட்டு.

பாண்டீஸ்வரி


சிறை
18.3.2025

அக்காவுக்கு வணக்கம். நீயும் கீர்த்தியும் சுகமா? இதை வக்கீல் ஒருவர் ஆச்சியின் ஈமெயிலுக்கு அனுப்புகிறார்.

சங்கம் அனுப்பித்தான் அவர் வந்தார். இந்த ஊர்க்காரர். முதல் கேள்வியே, "உன் துப்பாக்கியை ஏன் அவருக்குக் கொடுத்தாய்?" என்பதுதான். அக்கா புருஷன் கேட்டார் என்றேன். எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். கம்பெனி விதியில் அப்படி ஒரு காரணம் இல்லையாம். மறுபடியும் மறுபடியும் கேட்டார். எனக்கும் வேறு காரணம் இல்லை.

என் கையெழுத்து ஒரு பக்கம், என் பேச்சு ஒரு பக்கம் இருக்கிறதால், மச்சான் ஒத்துக்கொண்டதைக் காதால் கேட்டவர் சாட்சி சொன்னால்தான் விசாரணையைத் திரும்பத் திறக்க முடியுமாம். "கீர்த்தி அப்பா" என்பது போதாதாம். பேரைச் சொல்ல வேண்டும், அவர்கள் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நீ தெரியாமல் எழுதினாய் என்று தெரிந்ததே எனக்குப் போதும். நீ அவரோடு குடும்பம் நடத்த வேண்டியவள். கீர்த்திக்கு அவர் அப்பா. சொல்ல வேண்டாம் அக்கா. இதையும் நான் உனக்காகத்தான் சொல்கிறேன்.

மாயக்கண்ணன்


கானாடுகாத்தான்
6.4.2025

என் தம்பி மாயக்கண்ணனுக்கு அக்கா எழுதுவது. கீர்த்தி சுகம். நானும் இப்போதுதான் கொஞ்சம் சோறு தின்கிறேன். நீயும் தின்ன வேண்டும்.

எனக்காக இனிமேல் ஒன்றும் செய்யாதே. இதுவரை செய்தது போதும்.

புகார் போனது தெரிந்து அவர் போன் செய்தார். புது வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். "நீ எனக்குப் பொண்டாட்டியா, அவனுக்கு அக்காவா?" என்று கத்தினார். "அவன் உங்களுக்கு மாப்ளயா, இல்லை பலியாடா? அதை மொதல்ல சொல்லுங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். அவர் ஒருவர்தான் குற்றவாளி என்று கம்பெனி இனி அவரையும் கை கழுவப் பார்க்கும் என்று ஆச்சி சொன்னார்கள். கேமராவை யார் நிறுத்தினார்கள், கையெழுத்தை யார் வாங்கச் சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறோம்.

நேற்று ஆச்சியின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் சங்கத்து ஆட்கள் மூன்று பேர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், ஓரத்தில் உன் வக்கீல். அவர் பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மா. யார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இரண்டு கையும் கூப்பினேன்.

கடலைச் சட்டியைச் சொன்னேன். ரசம் ஊற்றியதைச் சொன்னேன். உன்னைக் கையெழுத்துப் போட வைத்தது என் கடிதம்தான் என்றும் சொன்னேன். "சுட்டதாக உங்களிடம் ஒத்துக்கொண்டவர் பேர் என்ன?" என்று கேட்டார்கள். கீர்த்தி என் மடியில் இருந்தாள். பேர் என்ற சொல்லைக் கேட்டதும், எப்போதும் போல எனக்காகச் சொல்ல நிமிர்ந்து வாயைத் திறந்தாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"முத்துக்கண்ணன்" என்றேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்கள். அந்த அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

விசாரணையைத் திறக்கிறார்கள். எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லவில்லை. கீர்த்தி காது மூளியாகவே இருக்கிறது, நீ வருகிறவரைக்கும் இருக்கும்.

வெளியே வந்ததும் கீர்த்தி கேட்டாள். "நாந்தானம்மா அப்பா பேரைச் சொல்லுவேன்? இன்னைக்கு ஏன் நீ சொன்ன?"

"இத நீ சொல்லக் கூடாதுடி" என்றேன்.

உன் அக்கா
பாண்டீஸ்வரி